குழந்தையின் கண் மறைத்த குறை

பள்ளிக்கூடத்தில் நெடுநாள் பணியாற்றியோர் யாவரும் ஒருவகை மாணவனை அறிவர். கடைசி வரிசையில் அமர்ந்து கரும்பலகையைத் தடையின்றிப் படிப்பான். மரத்தின் உச்சியில் இருக்கும் கிளியையும் காட்டுவான். புத்தகத்தைக் கையில் கொடுத்தாலோ, கால் மணி நேரத்தில் கண்ணைக் கசக்குவான். நெற்றி வலிக்கிறது என்பான். அவனுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுவது எளிது. ஆனால் அவன் கண்ணில் உண்மையாகவே ஒரு குறை இருக்கக்கூடும். அது பார்வைப் பலகையில் அகப்படாத குறை. அதனை மருத்துவ உலகம் தெளிவுற அறிந்தது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான்.

கண்ணை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தராசில் வைத்த பொருள் தன் எடையை மாற்றிக்கொள்வதில்லை. கண்ணோ அளக்கும்போதே மாறுகிறது. தொலைவில் உள்ளதை நோக்குகையில் ஒரு நிலை. அருகில் உள்ளதை நோக்குகையில் வேறொரு நிலை. இம்மாற்றத்தைக் கண்கூடாகக் காட்டியவர் ஷைனர் என்னும் ஏசுசபைத் துறவி. 1619-இல் வெளிவந்த அவரது நூலில் உள்ள சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் அஞ்சலட்டையில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு ஊசித்துளைகள் இடுங்கள். அட்டையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, எதிரே ஓர் ஊசியை நிறுத்துங்கள். ஊசியையே நோக்கினால் அது ஒன்றாகத் தெரியும். பார்வையை அதற்கப்பால் தொலைவில் செலுத்தினால் ஊசி இரண்டாகிவிடும். பிற்காலத்துப் பார்வைமானிகள் பலவும் இவ்வட்டையின் வழித்தோன்றல்களே.

அங்ஙனமாயின் கண்ணுள் மாறுவது எது? முன்புறத்துப் படலமா, விழிக்கோளத்தின் நீளமா, உள்ளிருக்கும் வில்லையா? 1800-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் ராயல் கழகத்தில் இதற்கு விடை கூறிய தாமஸ் யங்குக்கு அப்போது வயது 27. அவர் தம் கண்ணையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். கண்ணின்மீது நீர் நிரப்பிய ஒரு சிறு குழலை வில்லையுடன் பொருத்தி, முன்படலத்தின் ஆற்றலைப் போக்கினார். குவியம் மாற்றும் திறன் அப்படியே நின்றது. விழியை உட்புறம் திருப்பிக்கொண்டு, கடைக்கண்ணில் ஒரு திறவுகோலின் வளையத்தை அழுத்தி வைத்து, கோளத்தின் நீளம் மாறுகிறதா என்றும் பார்த்தார், மாறவில்லை. கண்புரை அறுவையில் வில்லையை இழந்தவர்களிடம் அத்திறன் இல்லை என்பதையும் கண்டார். ஆகவே மாறுவது வில்லையே. இத்தகைய சோதனையைத் தம் கண்ணில் செய்துகொள்ள எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! தம் கண்ணின் ஆற்றல் திசைக்குத் திசை வேறுபடுவதையும் அவர் அளந்து கூறினார். பின்னர் வானநூலார் ஏரி, அதே குறைக்கு உருளை வில்லையைக் கொண்டு 1825-இல் திருத்தம் கண்டார்.

எனினும் இவை அறிஞரின் அறையோடு நின்றன. நோயாளிக்குப் பயன்படச் செய்தவர் ஆலந்து நாட்டு உட்ரெக்ட் நகரப் பேராசிரியர் டோண்டர்ஸ். அவர் காலத்திற்கு முன், புத்தகத்தை எடுத்தவுடன் கண் சோர்ந்துபோகும் இளைஞர்களுக்கு மருத்துவர் கூறிய வழி ஓய்வுதான். படிப்பையும் நுண்தொழிலையும் விட்டுவிடச் சொன்னாரும் உண்டு. இளங்கண்ணுக்குக் குவிவில்லை தீங்கு செய்யும் என்ற அச்சமும் இருந்தது. முதுமையில் வருவதையும் பிறவியில் அமைவதையும் ஒன்றாகக் குழப்பியதே இதற்குக் காரணம். நம் மக்கள் வெள்ளெழுத்து என்பது வில்லை இறுகுவதால் 40 வயதை ஒட்டி வருவது. தூரப்பார்வையோ விழிக்கோளம் குட்டையாக இருப்பதால் பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. கிட்டப்பார்வைக்கு எதிர்நிலை தூரப்பார்வையே, வெள்ளெழுத்து அன்று என்று டோண்டர்ஸ் பிரித்துக் காட்டினார். அவரது பெருநூல் 1864-இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

அவர் வகுத்த கணக்கை இன்றைய அலகாகிய டயாப்டரில் சொல்கிறேன். 10 வயதுச் சிறுவனின் கண் ஏறத்தாழ 14 டயாப்டர் அளவுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 40 வயதில் இது 4.5 ஆகிறது; 60 வயதில் 1 தான். இப்போது 3 டயாப்டர் தூரப்பார்வை உள்ள ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். தொலைவைத் தெளிவாகக் காணவே 3 செலவாகிறது. ஒரு முழத்திற்கும் குறைந்த தொலைவிலுள்ள புத்தகத்திற்கு மேலும் 3. கையிருப்பு 14 ஆதலால் பார்வைப் பலகையின் அடி வரிசை வரையில் படித்துவிடுவான். டோண்டர்ஸின் உடன்பணியாளர் ஸ்னெல்லன் 1862-இல் அமைத்த அப்பலகை, கண் எதைச் சாதிக்கிறது என்று காட்டுமே ஒழிய, அதற்காக என்ன விலை கொடுக்கிறது என்று காட்டாது. விலை, மாலைவேளைத் தலைவலி. சில குழந்தைகளுக்கு விழிகள் உட்புறமாகச் சாய்ந்து மாறுகண்ணும் உண்டாகிறது. இத்தொடர்பையும் எடுத்துக்காட்டியவர் அவரே. அதே குறை 40 வயதினருக்கு இருந்தால் மறைக்க இயலாது. புத்தகத்திற்கு எஞ்சுவது 1.5 தான்.

ஆகவே குழந்தையை அளக்குமுன் அந்தத் திருத்தும் ஆற்றலைச் சிறிது நேரம் உறங்க வைக்க வேண்டும். அதற்கு அட்ரோபின் உதவியது. பெலடோனாச் செடியிலிருந்து எடுக்கும் மருந்து இது. நம் வேலியோரத்து ஊமத்தை அச்செடிக்கு உறவு. இதனை இட்டால் கண்பாவை விரியும். வில்லையை இயக்கும் தசை ஓயும். மறைந்திருந்த குறை முழுவதும் வெளிப்படும். 1873-இல் குயிஞே என்ற பிரெஞ்சு மருத்துவர் மற்றொரு வழி கண்டார். கண்ணாடியால் கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சி, உள்ளிருந்து வரும் ஒளி எத்திசையில் அசைகிறது என்று பார்ப்பதே நிழற்சோதனை. எதிரே வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்து, அசைவு நிற்கும் இடத்தில் அளவை அறியலாம். இதற்குக் குழந்தை எழுத்தறிந்திருக்க வேண்டியதில்லை, பேசவும் வேண்டியதில்லை. கைக்குழந்தைக்கும் கண்ணாடி அளவு காண முடிந்தது இதனால்தான்.

அலகின் கதையும் சுவையானதே. முன்பு வில்லைகளை அங்குலத்தில் குறித்தனர். பாரிசு அங்குலம் வேறு, இங்கிலாந்து அங்குலம் வேறு. 1872-இல் மொனோயே என்பவர் ஒரு மீட்டர் குவியத்தை அடிப்படையாகக் கொண்டு டயாப்டரை முன்மொழிந்தார்.

இன்று நொடியில் அளவைச் சொல்லும் தானியங்கிப் பொறிகள் வந்துவிட்டன. அவையும் மருந்திடாத குழந்தையின் கண்ணில் ஏமாறுவதுண்டு. குழந்தை பொறிக்குள் தெரியும் படத்தை உற்று நோக்க, வில்லை பருத்து, இல்லாத கிட்டப்பார்வையைப் பொறி எழுதிவிடும். ஆகவே சொட்டு மருந்து இன்றும் ஓயவில்லை. அட்ரோபினின் விளைவு ஒரு வாரத்திற்கு மேலும் நீடிக்கும். பிற்காலத்து மருந்தாகிய சைக்ளோபென்டோலேட் ஏறத்தாழ ஒரு நாளில் தெளியும். அதுவரையில் வெயிலில் கண் கூசும்; அருகில் உள்ள எழுத்து கலங்கும். பரிசோதனைக்குச் சனிக்கிழமையைத் தேர்ந்துகொள்வது நலம். இயலாவிடில் வகுப்பாசிரியருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.