வலமிருந்து இடஞ்செல்லும் எழுத்தும் இடஞ்சுட்டியின் நிலையும்

எபிரேயமும் அரபியும் வலத்தினின்று இடம் நோக்கி எழுதப்படுவன என்பது யாவரும் அறிந்தது. ஆயின் அவற்றினிடையே வரும் எண்கள் இடத்தினின்று வலம் நோக்கியே செல்லும் என்பதைப் பலர் கருதுவதில்லை. சொற்செயலிகளில் கர்சர் எனப்படும் இடஞ்சுட்டிக்கு நேர்ந்த இடர்ப்பாடுகள், இவ்விரு திசைகளும் ஒரே வரியிற் கூடுவதனால் விளைந்தனவே.

முற்பட்ட எபிரேயக் கணிப்பொறி முறைகள் பல, எழுத்துக்களைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமித்தன. வரி மடிந்தவிடத்து வாக்கியத்தின் இறுதி மேல்வரிக்கும் தொடக்கம் கீழ்வரிக்கும் சென்றன. ஆதலின், படிக்கும் வரிசையிற் சேமித்துக் காட்டும்பொழுது மாற்றியமைத்தலே தக்கது என்னும் கொள்கை வலுப்பெற்றது. ஸெராக்ஸ் நிறுவனத்து ஜோசப் பெக்கர் 1984ஆம் ஆண்டு பன்மொழிச் சொற்செயலாக்கம் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையிற் குறிப்பிடத்தக்கது. தமிழர்க்கும் இச்சிக்கல் புதிதன்று. 'கெ' என்பதன் கொம்பினைத் திஸ்கி ககரத்திற்கு முன்னும், ஒருங்குறி பின்னும் வைத்தமை காண்க.

இனி இடஞ்சுட்டிக்கு வருவோம். எபிரேயச் சொல்லொன்றனை அடுத்து 1948 என்னும் எண் வருவதாகக் கொள்வோம். எண் சொல்லின் இடப்புறம் நிற்கும். அதன் முதலிலக்கமாகிய 1 சொல்லினின்று மிகச் சேய்மையிலும், இறுதியிலக்கமாகிய 8 சொல்லை ஒட்டியும் அமையும். சொல்லுக்கும் 8க்கும் இடையே சுட்டி நிற்பின் அது சொல்லின் முடிவா, எண்ணின் முடிவா? இரண்டும் ஆம். அந்நிலையில் அழிப்பு விசையை அழுத்தின் சொல்லின் ஈற்றெழுத்தும் மறையலாம், 8உம் மறையலாம். ஆண்டு பிழைபடுதல் பதிப்பாசிரியர்க்குச் சிறு செய்தியன்று.

1991இல் வெளிவரத் தொடங்கிய ஒருங்குறி, இருதிசை எழுத்தின் காட்சியை விதிகளால் வரையறுத்தது. 2013இல், அயல்திசைத் தொடரைத் தனித்து நிறுத்தும் குறிகளையும் சேர்த்தது. சுட்டியின் நடையை அது வரையறுக்கவில்லை. அம்புவிசை கண்வழிச் செல்வதா, படிக்கும் வழிச் செல்வதா என்பதில் ஆக்குவோர் வேறுபட்டனர். பழைய மக்கின்டாஷ் கணிப்பொறியோ, எல்லையிற் சுட்டியை மேற்பாதி, கீழ்ப்பாதி எனப் பிளந்து ஈரிடத்தும் காட்டிற்று. காண்போர்க்கு இது விந்தையாகத் தோன்றினும், ஐயத்தை மறையாது காட்டிய அம்முறையே சிறந்தது என்பது எம் கருத்து.

அரபுத்தமிழ் நூல்களைத் தமிழெழுத்துப் பெயர்ப்புடன் ஒரே வரியில் அமைத்துப் பதிப்பிப்போர், திருத்தியபின் திசைமாறும் எல்லையில் நிற்கும் எழுத்தையும் எண்ணையும் மூலச்சுவடியோடு மீண்டும் ஒப்புநோக்குதல் வேண்டும்.