பாதரச பேட்டரியும் நம் கும்பக்கரையும்

இன்று ஒரு சின்ன பேட்டரியின் வரலாறு.

தேனி, கம்பம் பக்கம் சில பழைய வீட்டுப் பரண்களில் சூப்பர் 8 சினிமா கேமரா இன்றும் கிடக்கலாம். 1965-ல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்த பிலிம் வகை அது. ஒரு பெட்டியில் 50 அடி பிலிம். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். பெரும்பாலானவற்றில் சாவி கொடுக்கும் வேலை இல்லை; மோட்டாரே பிலிமை இழுக்கும்.

மோட்டாருக்குப் பென்சில் பேட்டரி போதும். அது பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. சிக்கல் ஒளியை அளக்கும் மீட்டரில்தான். அக்காலக் கேமராக்கள் பலவற்றில் அதற்கென்று தனியாக ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. 625 என்ற எண் கொண்ட பாதரச பேட்டரி அது.

இரண்டாம் உலகப்போரின்போது, வெப்பநாடுகளில் போர்வீரர்களின் கருவிகளுக்குப் பயன்பட சாமுவேல் ரூபன் என்ற அமெரிக்கர் உருவாக்கியது இந்த வகை பேட்டரி. தீரும்வரை 1.35 வோல்ட்டை மாறாமல் தரும். அதனால்தான் மீட்டர்களுக்கு அது பிடித்துப்போனது.

பிறகு ஏன் மறைந்தது? ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் கடல் மீன் வழியாக மனிதரை முடக்கிய நோய் 1956-ல் வெளிப்பட்டது. அமெரிக்கா 1996-ல் பாதரச பேட்டரி விற்பனைக்குத் தடை போட்டது. மினமாட்டா பெயரிலேயே 2013-ல் உலக உடன்படிக்கை வந்தது. 2018-ல் இந்தியாவும் ஏற்றது.

இது ஏதோ தூரதேசத்துக் கதை அல்ல. கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது. அங்கிருந்து சுமார் 290 டன் கழிவு 2003-ல் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அந்த ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பார் சோலை. அந்தப் பாம்பாறுதான் இறங்கி வந்து பெரியகுளம் அருகே நமக்குக் கும்பக்கரை அருவியாகிறது!

சரி, கேமராவுக்கு என்ன வழி? சாதாரண 1.5 வோல்ட் பொத்தான் பேட்டரி போட்டால், மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும்; படம் இருண்டு போகும். காதுக்கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், ஏறத்தாழப் பொருந்தும். அளவில் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு வளையம் வைக்க வேண்டும். மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றால் வேலை செய்யத் தொடங்கும். பிறகு சில வாரங்கள்தான் ஆயுள்.

பரணில் கேமரா இருந்தால் உடனே இறக்கி, பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பழைய பாதரச பேட்டரி இருந்தால் குப்பையிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் போட்டு, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். வாய்க்காலில் ஓடுவது நாம் குடிக்கும் தண்ணீர்.