பல்லுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிற யாருக்கு மூக்கடைச்சாலும் காரணம் ரெடியா இருக்கும்: லாரி கிளப்புற தூசி, இல்லைன்னா ஆபீஸ் ஏசி. நானும் பல மாசம் அப்படித்தான் நம்பினேன். வலது மூக்கில் மட்டும் நாற்றத்தோட சளி. மாத்திரை போட்டா குறையும், நிறுத்தினா திரும்ப வரும். கடைசியில் பார்த்தால் குற்றவாளி, சில வருஷம் முன்னாடி ரூட் கெனால் செய்த மேல் கடைவாய்ப்பல்! இது எப்படின்னு தேடினப்போ கிடைச்ச கதை இது.

1651-ல் நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஓர் உடற்கூறு நூல் வெளியிட்டார். அதில் ஒரு பெண்மணி வருகிறார். மேல் கோரைப்பல்லைப் பிடுங்கிய குழியிலிருந்து அவருக்கு நீர் வடிந்துகொண்டே இருந்தது. ஏன் என்று பார்க்க ஒரு வெள்ளி ஊசியை உள்ளே விட்டார்; கிட்டத்தட்ட கண் வரை போனது. அடுத்து ஓர் இறகின் தண்டு. அதுவும் முழுசா உள்ளே போயிடுச்சு. மூளைக்கே போய்விட்டதோ என்று பயந்துவிட்டார்.

ஹைமோர் விளக்கினார்: அது மூளை இல்லை, கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை, இறகு அங்கே சுருண்டிருக்கிறது. பல் வேருக்கும் அந்த அறைக்கும் நடுவில் மெல்லிய எலும்புதான். டா வின்சி 1489-லேயே அதை வரைந்திருந்தாலும், அந்த ஓவியங்கள் அச்சாகாமல் கிடந்ததால் அறைக்கு ஹைமோர் பெயரே நிலைத்தது.

இந்த நெருக்கத்தை மருத்துவர்கள் பயன்படுத்தவும் செய்தார்கள். 1707-ல் ஜேம்ஸ் டிரேக்கின் நூலில் வந்த வில்லியம் கௌபரின் முறை: கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி, அந்தக் குழி வழியாகவே துளைத்துச் சீழை வடிப்பது. நியூயார்க்கில் கால்டுவெல் (1893), பாரிஸில் லுக் (1897) ஆகியோர் மேலுதட்டுக்கு அடியில் எலும்பைத் திறந்த பிறகுதான் அதற்காகப் பல்லை இழக்கும் தேவை குறைந்தது.

பிறகு பல்லுக்கு ஒரு டாக்டர், மூக்குக்கு ஒரு டாக்டர் என்று துறைகள் பிரிந்தன. இந்தியாவில் 1948-ல் பல் மருத்துவர்களுக்குத் தனிச் சட்டமே வந்தது. பிரிவு நல்லதுக்குத்தான். ஆனா எலும்புக்கு அது தெரியாதே! நம்ம சாஃப்ட்வேர்லயும் பிழை ஒரு மாட்யூல்ல இருக்கும், எரர் இன்னொண்ணுல காட்டும்.

அதனால ஒரே பக்கம் சளி, கெட்ட நாற்றம், அதே பக்கம் மேல்வரிசையில் சொத்தையோ பழைய சிகிச்சையோ இருந்தா, மூக்கு டாக்டர்கிட்ட பல் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க. பல் வலிக்கணும்னு கட்டாயமில்லை. எனக்கு ஒருநாள்கூட வலிக்கலை.