தளரும் பேட்டரி, ஏறும் சுருதி: ஊர்வல மேளத்தின் பழைய ஒலிநாடாக்களைச் சான்றாகப் படித்தல்

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய 90 நிமிடக் கேசட் ஒன்றின் அட்டையில் ‘மேளம், வில்லியனூர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஆண்டு இல்லை, வாசித்தவர் பெயர் இல்லை. முதல் பக்கத்தின் தொடக்கத்தில் நாகசுரத்தின் ஆதார ஷட்ஜம் இரண்டரைக் கட்டையில் நிற்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து நாடா தீரும்போது அது மூன்று கட்டையைத் தொட்டுவிடுகிறது. சீவாளியை மாற்றினாலும், ஊதி ஊதி மரம் சூடேறினாலும் சுருதி சற்றே நகரும்; அரைக் கட்டை நகராது. ஆகவே நகர்ந்தது நாகசுரமன்று, பதிவுப் பெட்டியின் மோட்டார். பேட்டரி தளரத் தளர நாடா மெதுவாக ஓடியிருக்கிறது; அதை உரிய வேகத்தில் திரும்பப் போடும்போது சுருதி ஏறுகிறது. அரைக் கட்டை என்றால் வேகத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு வேறுபாடு. பெட்டி மின் இணைப்பில் இல்லை, தெருவில் இருந்தது என்பது வரை இதிலிருந்து சொல்லலாம். அதைத் தூக்கிக்கொண்டு யாரேனும் சுவாமியோடு நடந்தாரா, ஒரு திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாரா என்பது வேறு கேள்வி.

இத்தகைய நாடாக்களைப் பழுதான இசைத்தட்டுகளாகவே நாம் நடத்தி வருகிறோம். இரைச்சலை நீக்கு, சுருதியைச் சமன்செய், கூட்டத்தின் பேச்சை வெட்டு, மிஞ்சுவதைக் கேள் என்பதே வழக்கம். இந்தப் பணி தவறில்லை. ஆனால் அதன் இடம் கடைசி. துடைப்பதற்கு முன் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இசைத்தட்டு நம் காதுக்குக் கொடுத்த பயிற்சியிலிருந்து இந்த மனப்பாங்கு வந்தது என்று நினைக்கிறேன். நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) என்றதும் தோடி நினைவுக்கு வருகிறது. அவர் ஊதிய தோடியை நேரில் கேட்டவர்கள் இன்று அரிது. நமக்கு இருப்பது பெரும்பாலும் தட்டுத் தோடி. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று அல்லது நான்கு நிமிடம். இரு பக்கமும் சேர்ந்தாலும் எட்டு நிமிடத்தைத் தாண்டாது. மணிக்கணக்கில் ஒரே ராகத்தை விரித்தவர் என்று வாய்வழிப் பேச்சு சொல்கிறது. தட்டோ சாறு பிழிந்து தருகிறது. திருவிழாவில் கேட்டுவிட்டுத் தட்டு வாங்கியவருக்கு அது ஓர் அடையாளச் சீட்டு, மீதியை அவரே நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டார். பின்னால் வந்த நாம் சீட்டையே விருந்து என்று எடுத்துக்கொண்டோம். கலைஞர்மீதோ தட்டு நிறுவனத்தின்மீதோ இது குறையன்று, நம் கேட்கும் பழக்கத்தைப் பற்றிய குறை.

ஒரு தொலைதூர ஒப்பீடு இங்கே உதவும். 1969இல் உருவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் அமெரிக்கத் தென்மாநில ராக் இசையின் முன்னோடிக் குழு: முன்னணியில் இரு கிதார், பின்னால் இரு டிரம்ஸ். இரு நாகசுரம், இரு தவில் என்ற பெரிய மேளத்து அமைப்பைத் தெரிந்தவருக்கு இது வியப்பாக இருக்காது. அவர்களது ‘விப்பிங் போஸ்ட்’ ஸ்டுடியோவில் ஐந்து நிமிடம் சொச்சம். 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவானபோது அது 23 நிமிடம், நெடுந்தட்டின் ஒரு முழுப் பக்கம். அவ்வாண்டு அக்டோபரில் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மன் 24 வயதில் விபத்தில் இறந்தார். குழுவின் பெயர் இன்றுவரை நிற்பது முதன்மையாக அந்த அரங்கத் தட்டால்தான். நீளத்தைத் தாங்கும் ஊடகம் உரிய நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்தது. 1956இல் மறைந்த ராஜரத்தினத்துக்குக் கேசட் கிடைக்கவில்லை. அது வந்ததே 1963இல். ஆனால் ஒப்பீடு இங்கேயே முறிகிறது. ஃபில்மோர் ஓர் அரங்கம், மேளம் நகர்வது. மேடைக்கு எதிரே ஒலிவாங்கியை வைத்துவிட்டால் இசை ஓடிப்போகாது. தெருவில் அது வருகிறது, நிற்கிறது, போகிறது. மல்லாரியில் தொடங்கி எந்த வீதியில் எது என்ற முறை கோயிலுக்குக் கோயில் மாறும். திண்ணையில் நிற்கும் ஒருவருக்கு முழுக் கச்சேரி என்ற ஒன்றே இல்லை. நாடா துண்டாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொள்வோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது இன்னொரு மரபையும் சொல்லியாக வேண்டும். 1955இல் தொடங்கிய இங்குள்ள பிரெஞ்சு நிறுவனத்தில் அப்பத்தாண்டின் பிற்பாதியில் பணியாற்றிய அலென் தானியேலுதான் பின்னாளில் யுனெஸ்கோ இசைத்தட்டு வரிசையைத் தொகுத்தவர். அந்த அறிஞர் மரபு நமக்குச் செய்த நன்மை பெரிது. ஆயினும் அதன் ஒலிவாங்கி தேடியது தூய இசையை. சுற்றியிருந்த தெரு அதற்குக் கணக்கில் இல்லை.

தெரு கணக்கில் வருமென்றால் நாடாவை நம்பலாமா? அப்படியே நம்பக்கூடாது. அக்காலக் கையடக்கப் பெட்டிகள் பலவற்றில் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு இருந்தது. பெரிய ஓசை வந்தால் எல்லாவற்றையும் அமுக்கும், ஓசை அடங்கினால் அருகிலுள்ள முணுமுணுப்பைக்கூடத் தூக்கிக் காட்டும். வில்லியனூர் நாடாவில் சிறிது நேரம் பெண்களின் பேச்சும் ஒரு குழந்தையின் அழுகையும் தெளிவாக இருக்கின்றன. தவில் வலுக்கிறது, பேச்சு மறைகிறது. பிறகு பேச்சு மெல்லத் திரும்புகிறது. முதலில் கேட்டபோது, மேளம் வந்ததும் தெரு வாயடைத்துப் போயிற்று என்று குறிப்பு எழுதிக்கொண்டேன். அழகான குறிப்பு, தவறான குறிப்பு. பேச்சை அடக்கியது பக்தியன்று, பெட்டி. எனினும் இந்தத் தவறே விட்டுப்போன கேள்விக்கு விடை தருகிறது. பெட்டி மேளத்தோடு நடந்திருந்தால் பேச்சு இப்படி மறைந்து திரும்பியிருக்காது. அது ஓரிடத்தில் இருந்திருக்கிறது. மேளம்தான் அதைக் கடந்து போயிருக்கிறது.

எஞ்சுவது சுருதிக் கணக்கு. தொடக்கத்து இரண்டரைக் கட்டையாவது உண்மையா என்று எப்படித் தெரியும்? கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் மேளம் பதினொரு நிமிடமே. அதன்மேல் யாரோ வேறொன்றைப் பதிந்துவிட்டார்கள்: நெல்லித்தோப்பு மாதா கோயிலின் ஆகஸ்ட் 15 தேர் பவனி, பேண்ட் செட்டும் வெடியுமாக, சன்னலோரத்திலிருந்து. காப்பகத்துக்குக் கொடுத்தால் ‘தொடர்பற்றது’ என்று முதலில் வெட்டுவது இதைத்தான். ஆனால் இந்தப் பகுதியில் பெட்டி வீட்டு மின்சாரத்தில் ஓடியிருக்கிறது; பேண்டுக்கு அடியில் மின் ரீங்காரம் விடாமல் கேட்கிறது. நம் மின்சாரத்தின் துடிப்பு 50 ஹெர்ட்ஸ். நாடாவிலும் ரீங்காரம் 50இலேயே, பிசகாமல் நிற்கிறது. இரு பக்கமும் ஒரே பெட்டியில் பதிவானவை என்று கொண்டால், மோட்டார் உரிய மின்னழுத்தத்தில் சரியாகவே ஓடியிருக்கிறது. புதுப் பேட்டரியோடு தொடங்கிய முதல் சில நிமிடங்களின் இரண்டரைக் கட்டையை நம்பலாம். அங்கிருந்து கணக்கிட்டு அந்த முக்கால் மணி நேரத்தையும் இப்போது மெல்ல இறக்கிக்கொண்டிருக்கிறேன்.