வன்தட்டின் வரலாறும் வாங்குவோரின் கேள்வியும்

வீட்டுக் கணினிக்கு எந்த நிறுவனத்தின் வன்தட்டை வாங்கலாம் என்று நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்பதுண்டு. விலை கையைக் கடிக்கக் கூடாது, பழுதாகவும் கூடாது, அப்படி ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்பார்கள். நான் தொழில்நுட்பம் படித்தவன் அல்லன். கலைப் பட்டதாரி, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை ஆசிரிய பீடங்களில் கழித்தவன். ஆனால் ஒரு பொருளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் வரலாற்றைத் தேடிப் படிப்பது என் வழக்கம். வன்தட்டின் ஏறத்தாழ எழுபது ஆண்டு வரலாற்றைப் படித்தபோது கிடைத்த விடை, கேட்டவர்கள் எதிர்பார்த்த விடையாக இருக்கவில்லை.

இக்கேள்வி எம்மவர்க்கு வெறும் கடைத்தெருக் கேள்வி அன்று. 1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, திருமண அல்பங்களையும் காணி உறுதிகளையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் விட்டுவிட்டே வெளியேறின. எஞ்சிய ஒன்றிரண்டு படங்களை உறவினர்களிடமிருந்து பெற்று, ஸ்கேன் செய்து, கணினியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய குடும்ப வரலாறு முழுவதும் உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் அடங்கியிருக்கிறது.

அப்பெட்டியின் மூதாதை 1956 செப்டெம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ரமாக்' என்னும் கணினித் தொகுதியின் ஓர் அங்கமாகப் பிறந்தது. கலிபோர்னியாவின் சான் ஜோஸே நகரில் ரெனால்ட் ஜோன்சன் தலைமையிலான குழுவினர் அதனை உருவாக்கினர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. நிறை ஏறத்தாழ ஒரு தொன். கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள் மாத்திரமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாமற் போகலாம். இத்தொகுதியின் மாத வாடகை 3,200 டொலர்.

வன்தட்டின் அடிப்படை அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. சுழலும் தட்டின் மேற்பரப்பில் தகவல்கள் காந்தப் புள்ளிகளாகப் பதியப்படுகின்றன. தட்டைத் தொடாமல், மெல்லிய காற்றுப் படலத்தின் மீது மிதந்தபடி, சிறிய தலை ஒன்று அவற்றை எழுதுகிறது, படிக்கிறது. அத்தலை தட்டில் உராய்ந்தால் பதிவு அழியும். தூசு புகுந்தாலும் ஆபத்தே. 1973 இல் வெளிவந்த ஐ.பி.எம்.மின் 'வின்செஸ்டர்' தொழில்நுட்பம் தட்டையும் தலையையும் ஒரே மூடிய உறைக்குள் வைத்து, தூசினால் ஏற்படும் ஆபத்தைப் பெரிதும் குறைத்தது. இன்றைய வன்தட்டுகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே.

வீட்டுக் கணினியின் யுகம் 1980 இல் தொடங்குகிறது. அலன் ஷுகார்ட்டும் நண்பர்களும் தொடங்கிய, பின்னாளில் சீகேட் எனப் பெயர்பெற்ற நிறுவனம், ஐந்தேகால் அங்குல வன்தட்டு ஒன்றை அவ்வாண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது. கொள்ளளவு 5 மெகாபைற், விலை 1,500 டொலர். ஒரு தொன் நிறையுள்ள இயந்திரம் கொண்டிருந்த கொள்ளளவு, 24 ஆண்டுகளில் மேசைக் கணினிக்குள் நுழைந்துவிட்டது. 1983 இல் ஐ.பி.எம். வெளியிட்ட எக்ஸ்.டி. என்னும் தனியாள் கணினி 10 மெகாபைற் வன்தட்டுடன் வந்தது.

இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் 1988 இல் நிகழ்ந்தது எனலாம். பெரிய கணினிகளுக்கென விலையுயர்ந்த பெரிய வன்தட்டுகள் தனியாக இருந்த காலம் அது. பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி கற்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். விலையுயர்ந்த ஒரு தட்டுக்குப் பதிலாக மலிவான நூறு தட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தினால் என்ன என்பது அவர்களுடைய கேள்வி. அதிலுள்ள இடரையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். ஒரு தட்டு சராசரியாக 30,000 மணிநேரம் பழுதின்றி ஓடுமாயின், நூறு தட்டுகளில் ஏதேனும் ஒன்று 300 மணிநேரத்தில், அதாவது இரண்டு வாரங்களுக்குள், பழுதாகும். ஆகவே எந்தத் தட்டும் பழுதாகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, தகவலை மேலதிகத் தட்டுகளிலும் பதிந்து வைக்க வேண்டும் என்றனர். 'ரெய்ட்' என்று இன்று அறியப்படும் முறை அதுவே. அப்பெயரில் 'மலிவான' என்ற பொருள் தந்த சொல்லைப் பின்னர் தொழிற்துறையினர் 'சுயாதீனமான' என்று மாற்றிக்கொண்டனர். விற்பவர்களுக்கு மலிவு என்ற சொல் பிடிக்காமற் போனதில் வியப்பில்லை.

நல்ல பெயருள்ள நிறுவனத்திடம் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். வன்தட்டை உலகுக்குத் தந்த ஐ.பி.எம்.மை விட நல்ல பெயர் வேறு யாருக்கு இருந்தது? அந்நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டெஸ்க்ஸ்டார் 75ஜி.எக்ஸ்.பி.' என்ற ரகம் பரவலாகப் பழுதடைந்தது. பாவனையாளர்கள் அதன் பெயரைத் திரித்து 'டெத்ஸ்டார்' என்றனர். 2001 இல் வழக்கும் தொடரப்பட்டது. பின்னர் வன்தட்டுத் தொழிலையே ஐ.பி.எம். ஹிட்டாச்சிக்கு விற்றது. ஆனால் அதே மரபில் வந்த ஹிட்டாச்சி வன்தட்டுகள்தாம், பாக்பிளேஸ் என்னும் அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் 2014 இல் வெளியிட்ட கணக்கில் மிகக் குறைவாகப் பழுதடைந்தவையாக இருந்தன. அந்நிறுவனத்தின் கணக்குகளின்படி, சீகேட்டின் 3 டெராபைற் ரகமொன்று பெருமளவில் பழுதடைந்தது; அதே சீகேட்டின் 4 டெராபைற் ரகம் அவ்வாறு பழுதடையவில்லை. குறித்த ரகத்தைப் பற்றித் தெரியவருவதற்குள் அது சந்தையை விட்டே போய்விடுகிறது.

அதிக விலை கொடுத்தால் அதிக ஆயுள் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. 2007 இல் பியங்கா ஷ்ரோடரும் முன்னர் குறிப்பிட்ட அதே கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஒரு இலட்சம் வன்தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். தயாரிப்பாளர்கள் தம் விவரத்தாள்களில் பத்து இலட்சம் மணிநேரம், அதற்கு மேல் என்று குறிப்பிட்டிருந்தனர். அதன்படி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான தட்டுகளே மாற்றப்பட வேண்டும். ஆனால் நடைமுறையில் இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் அது 13 வரை சென்றது. நிறுவனங்களுக்கென விற்கப்படும் விலையுயர்ந்த ரகங்கள், மலிவான சாட்டா ரகங்களை விட உறுதியானவை என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. அதே ஆண்டில் கூகுள் பொறியியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பழுதடைந்த தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, எச்சரிக்கை தரவேண்டிய முக்கிய அறிகுறிகள் எதனையும் முன்கூட்டிக் காட்டவில்லை.

விலையும் நம் கையில் இல்லை. 2011 ஒக்டோபரில் தாய்லாந்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் தொழிற்சாலைகள் நீரில் மூழ்கின. உலகெங்கும் விலை ஏறியது. சில ரகங்கள் இரு மடங்காயின. அடுத்த சில மாதங்களில் தயாரிப்பாளர்கள் சில ரகங்களின் உத்தரவாதக் காலத்தையும் குறைத்தனர். ஒரு காலத்தில் எத்தனையோ நிறுவனங்கள் இருந்த துறையில் இன்று எஞ்சியிருப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தொஷிபா ஆகிய மூன்றே. உத்தரவாதம் என்பதும் தட்டுக்குத்தான். பழுதான தட்டுக்குப் புதிய தட்டைத் தருவார்கள். அம்மாவின் படத்தை யார் தருவார்?

நான் பணியாற்றிய ஆசிரிய பீடம் ஒன்றில், பக்க வடிவமைப்புக் கணினியின் வன்தட்டு ஒரு மாலை நேரத்தில் நின்றுபோனது. மறுநாள் பத்திரிகை வழமைபோல் வெளிவந்தது. ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் வேறொரு கணினியிலும் பிரதி எடுத்து வைக்கும் வழக்கம் அங்கு இருந்ததே அதற்குக் காரணம். எம் முன்னோரும் இதைத்தான் செய்தனர். ஏடு செல்லரிக்கும் என்று அறிந்தே அதனைப் பெயர்த்து எழுதினர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பிக்க முடிந்தது, யாரோ பலர் தலைமுறை தலைமுறையாகப் பிரதி செய்து வைத்திருந்ததனாலேயே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறிடத்திற் பிரதி இருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெற முடிந்தது. ஒரே பிரதியாக இருந்தவை சாம்பலாயின.

எனவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விலையுயர்ந்த ஒரு தட்டை வாங்கும் பணத்தில் நடுத்தர விலையுள்ள இரண்டை வாங்குங்கள். இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தினுடையதாகவோ வெவ்வேறு ரகமாகவோ இருக்கட்டும். ஒன்றை வீட்டில் வையுங்கள். மற்றையதை வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் உள்ள பிள்ளையிடமோ சகோதரரிடமோ கொடுத்து வையுங்கள். ஆண்டுக்கு இருமுறையேனும் இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்து ஆண்டுகள் கடந்த தட்டை நம்பியிருக்காதீர்கள். வாங்கும்போது அது எத்தனை மணிநேரம் ஓடியுள்ளது என்பதைச் சோதியுங்கள். பாவித்த தட்டுகள் புதியவை என்று விற்கப்பட்டமை 2025 இன் தொடக்கத்தில் ஜேர்மனியில் வெளிச்சத்துக்கு வந்தது. இன்றைய கணினிகள் பலவற்றில் இயங்குதளம் எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறது. வேகத்துக்கு அது நல்லது. ஆனால் அதுவும் பழுதாகும் பொருளே என்பதால் அதற்கும் பிரதி வேண்டும்.

எந்த நிறுவனம் என்று அதன் பிறகும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம், உங்கள் வீட்டுப் படங்களுக்கு இப்போது எத்தனை பிரதிகள் உள்ளன என்று திருப்பிக் கேட்கிறேன். ஒன்று என்று சொன்னால், இந்த வார இறுதிக்குள் இரண்டாவதை எடுத்துவிடுங்கள் என்கிறேன்.