மான்ட்ரெசரும் ஃபார்ச்சுனாட்டோவும்

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ (1809–1849) எழுதி, 1846 நவம்பரில் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்னும் பிலடெல்பியா இதழில் வெளியான ‘அமொன்டிலாடோ மதுப்பீப்பாய்’ என்னும் பழிவாங்கல் சிறுகதையின் முதன்மைக் கதைமாந்தர் மான்ட்ரெசர், ஃபார்ச்சுனாட்டோ ஆகிய இருவர். தவக்காலத்துக்கு முன் நிகழும் கார்னிவல் களியாட்டத்தின்போது, பெயர் சுட்டப்படாத ஒரு நகரில், இறந்தோரின் எலும்புகள் அடுக்கப்பட்ட குடும்ப நிலவறைக்குள் கதை நடக்கிறது.

கதையைத் தானே சொல்லும் மான்ட்ரெசர், ஃபார்ச்சுனாட்டோ இழைத்த தீங்குகள் பலவற்றைப் பொறுத்துக்கொண்டதாகவும், அவன் தன்னை அவமதித்தபின் பழிதீர்க்க உறுதிபூண்டதாகவும் கூறுகிறானேயன்றி, அந்த அவமதிப்பு யாதென்று எங்கும் வெளியிடுவதில்லை. இதனாலேயே அவன், கூற்றை வாசகர் அப்படியே ஏற்க முடியாத ‘நம்பத்தகாத கதைசொல்லி’ என்னும் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகிறான். பழிதீர்ப்பவன் தண்டனைக்கு ஆளாகக் கூடாது என்பதும், பழிதீர்ப்பவன் இன்னான் என்பது தீங்கிழைத்தவனுக்குத் தெரிய வேண்டும் என்பதும் அவன் தனக்கு வகுத்துக்கொண்ட விதிகள். பிறர் மனத்தைக் கணிப்பதில் அவன் அச்சமூட்டும் அளவுக்குத் தேர்ந்தவன். விடியும்வரை தான் திரும்பப்போவதில்லை என்றும் எவரும் வீட்டைவிட்டு அகலக் கூடாது என்றும் பணியாளரிடம் சொல்லிவைத்தால், தன் தலை மறைந்ததும் அவர்கள் அனைவரும் வெளியேறிவிடுவர் என்பதை அறிந்தே அவ்வாறு கட்டளையிடுகிறான்.

செல்வமும் மதிப்பும் உடைய ஃபார்ச்சுனாட்டோவின் ஒரே பலவீனம், மதுவின் தரமறிவதில் தன்னை விஞ்சியவர் இல்லை என்னும் செருக்கு. ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி மதுவில் ஒரு வகையான அமொன்டிலாடோவைச் சோதிக்க லுகேசி என்பவனை அழைக்கப்போவதாக மான்ட்ரெசர் சொன்னதே அவனை இழுக்கப் போதுமானதாகிறது. கதையில் ஒருமுறைகூட முகம் காட்டாத லுகேசி, பெயரளவிலேயே இரையாகப் பயன்படுகிறான். நிலவறைச் சுவர்களில் படிந்த வெடியுப்பால் ஃபார்ச்சுனாட்டோ இருமும்போதெல்லாம் திரும்பிவிடலாம் என்று மான்ட்ரெசர் பரிவோடு வற்புறுத்துவதும், அந்த வற்புறுத்தலே அவனை மேலும் உள்ளே செலுத்துவதும் போவின் பாத்திரப்படைப்பின் உச்சம். மணிகள் கட்டிய கோமாளித் தொப்பியோடு அவன் வருவது அவனது அறியாமைக்கு ஏற்ற கோலம்.

மான்ட்ரெசர் குலத்தின் கொடிச்சின்னம் தனக்கு நினைவில்லை என்று ஃபார்ச்சுனாட்டோ இயல்பாகச் சொல்லும் இடம் ஆழ்ந்த கவனத்துக்குரியது. ஒருவன் ஆண்டுக்கணக்கில் வளர்த்த பகை மற்றவன் மனத்தில் பதியவே இல்லை என்பதற்கு அது சான்றாகலாம். சங்கிலியால் பிணைத்து, கல்லடுக்கிச் சுவரெழுப்பி அவனை உயிரோடு மூடும்போதும், எதற்காக இத்தண்டனை என்று மான்ட்ரெசர் அவனிடம் சொல்வதில்லை. ஐம்பது ஆண்டுகள் எவரும் அச்சுவரைத் தொடவில்லை என்பதால் முதல் விதி நிறைவேறியது எனலாம். கொல்பவனின் முகத்தை மட்டும் அறிந்து, காரணத்தை அறியாமல் ஃபார்ச்சுனாட்டோ இறந்ததால், இரண்டாம் விதியின் நோக்கம் நிறைவேறவில்லை என்றே கொள்ள வேண்டும்.