மிச்ச வேகம் யாருக்குச் சொந்தம்?

குமுளியிலிருந்து கம்பத்துக்கு பஸ்ஸில் இறங்கியிருக்கிறீர்களா? ஜன்னலோர சீட் கிடைத்திருந்தால் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். மலைச்சரிவில் நாலு ராட்சதக் குழாய்கள். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, அந்தக் குழாய்களில் தலைகுப்புற விழுந்து, கீழே லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் டர்பைன்களைச் சுற்றிவிட்டு, அப்புறம்தான் வயலுக்குப் போகிறது. 1958-ல் ஓட ஆரம்பித்த மின் நிலையம் அது. 1965-க்குள் நாலு இயந்திரங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் 35 மெகாவாட். மொத்தம் 140.

பிற்பாடு அவற்றைப் புதுப்பித்தார்கள். அதே மலை, அதே தண்ணீர். ஆனால் கணக்கு 168 மெகாவாட்! ஒவ்வொன்றும் 42.

கிழட்டு இயந்திரத்துக்குக் கூடுதல் பலம் எங்கிருந்து வந்தது? ஜெனரேட்டரை இவ்வளவுதான் ஓட்டலாம் என்று கட்டிப்போடுவது பெரும்பாலும் சூடுதான். உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருளின் காப்புறை ஒரு அளவுக்கு மேல் சூட்டைத் தாங்காது. 1950-களின் காப்புறையை உரித்துவிட்டு, அதிகச் சூடு தாங்கும் புதிய உறையோடு சுருளை மறுபடி சுற்றினால், அதே கூட்டுக்குள் கூடுதல் மின்சாரம். பழைய நீர்மின் நிலையங்களைப் புதுப்பிப்பவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற வேலைதான் இது. சாமான் செய்கிறவன் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் செய்கிறான். அந்த மிச்சத்தைத் தேடி எடுப்பது.

கம்ப்யூட்டர்காரர்களும் இதைச் செய்கிறார்கள். அவர்கள் வைத்த பெயர், ஓவர்கிளாக்கிங். பிராசஸரின் மேல் அச்சடித்திருக்கும் வேகத்தைத் தாண்டி அதை ஓட்டுவது. கம்ப்யூட்டர் சரித்திரத்தில் இந்த மிச்சத்துக்காக நடந்த இழுபறி இருக்கிறதே... நான் படித்தது பி.காம். எனக்கென்னவோ இது என்ஜினீயரிங் கதையைவிட வியாபாரக் கதையாகத்தான் தெரிகிறது.

1984-ல் ஐபிஎம் நிறுவனம் பிசி ஏடி என்று ஒரு மாடலைக் கொண்டுவந்தது. உள்ளே இன்டெல் 286 பிராசஸர், 6 மெகாஹெர்ட்ஸ் வேகம். அந்த வேகத்துக்குத் தாளம் போடுவது பக்கத்தில் இருந்த ஒரு சின்ன குவார்ட்ஸ் கிரிஸ்டல். அது 12 என்று துடிக்கும், பிராசஸர் அதில் பாதியாக ஓடும். அந்தக் கிரிஸ்டலைக் கழற்றி மாட்டும்படி சாக்கெட்டில் வைத்திருந்தார்கள். சும்மா விடுவார்களா? 12-ஐப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் சொருகினார்கள். 6 என்பது 8 ஆனது. சில டாலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுதல்!

ஐபிஎம் ரசிக்கவில்லை. 1986-ல் தானே 8 மெகாஹெர்ட்ஸ் மாடலை விற்க ஆரம்பித்தது. கூடவே, அதற்கும் மேலே ஓட்டினால் மெஷின் எழும்பாதபடி ஸ்டார்ட் ஆகும்போதே ஒரு சோதனையைப் புகுத்தியது. உன் காசு, உன் மெஷின்... ஆனால் வேகம் என்னுடையது!

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 300 என்று ஒரு சிப், 450 என்று ஒரு சிப் என்று தனித்தனியாக வார்த்து எடுப்பதில்லை. போடிநாயக்கனூரில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 8 மில்லிமீட்டர் காய், 7 மில்லிமீட்டர் காய் என்று ரகம் பிரிப்பார்களே, அதே கதை. எல்லாம் ஒரே தோட்டத்துக் காய். சிப்புகளையும் செய்து முடித்தபிறகு சோதித்துத்தான் ரகம் பிரிக்கிறார்கள். ஆனால் போடி வியாபாரி யாரும் செய்யாத ஒன்றை சிப் வியாபாரி செய்வார். சலித்ததில் பெருங்காயே அதிகம் வந்துவிட்டது, மார்க்கெட்டில் விலை மலிவான சிறுங்காய்க்குத்தான் கிராக்கி என்றால், பெருங்காயையே சிறுங்காய் மூட்டையில் கட்டி விற்றுவிடுவார்.

அப்படி வந்து சேர்ந்த மூட்டைதான் செலரான் 300ஏ. 1998 ஆகஸ்டில் இன்டெல் இரண்டு சிப்புகளை ஒரே சமயத்தில் கடைக்கு அனுப்பியது. ஏழைக்கு செலரான் 300ஏ, 149 டாலர். பணக்காரருக்கு பென்டியம் டூ 450, 669 டாலர். செலரானின் கணக்கு எளிது. மதர்போர்டின் துடிப்பு 66. அதை நாலரையால் பெருக்கினால் 300. பென்டியம் டூவுக்கும் அதே நாலரைதான், ஆனால் துடிப்பு 100. அப்படியானால் செலரானையும் 100-ல் மாட்டினால்? மாட்டினார்கள். ஏராளமான சிப்புகள் அலட்டிக்கொள்ளாமல் 450-ல் ஓடின! கிரிஸ்டல் பிடுங்கும் வேலைகூட இல்லை. பயாஸ் என்கிற நீலத்திரையில் எண்ணை மாற்றினால் முடிந்தது. அதுவரை ஹாம் ரேடியோ ஆசாமிகளின் விளையாட்டாக இருந்தது, காலேஜ் ஹாஸ்டல் விளையாட்டானது.

விளையாட்டு இருக்கும் இடத்தில் திருட்டும் இருக்குமே. 90-களில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஒரு கும்பல் மலிவு சிப்பின் மேலிருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு, பெரிய எண்ணை அச்சடித்து, பெரிய விலைக்கு விற்றது. வாங்கியவர் வீட்டில் கம்ப்யூட்டர் காலையில் நன்றாக ஓடும், மத்தியானம் தொங்கும். எதனால் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஹாஸ்டல் பையன் செய்ததும் இந்தக் கும்பல் செய்ததும் டெக்னிக்கலாக ஒரே வேலைதான். ஓட்டுகிறவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பதில்தான் வித்தியாசம்.

பதிலுக்கு இன்டெல் அந்த 'நாலரை'யைப் பூட்டியது. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் பூட்டியது. ஆனால் 2000-ல் வந்த அதன் சிப்புகளின் முதுகில் வெட்டுப்பட்ட சின்னச் சின்னத் தங்கநிறக் கோடுகள் வெளியே தெரிந்தன. பென்சிலால் அந்த இடைவெளியைத் தீட்டினால் பூட்டு திறந்துகொண்டது. ஆமாம், ஸ்கூல் பையன் பென்சில்தான்! பென்சிலில் இருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா?

மிச்சத்தைத் தயாரிப்பாளரே தின்றால் என்ன ஆகும்? அதுவும் அதே வருடம் நடந்தது. யார் முந்தி என்று ஏஎம்டியோடு வெறிபிடித்த ஓட்டப்பந்தயம். 2000 ஜூலை கடைசியில் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் த்ரீயை இறக்கியது. பத்திரிகைக்காரர்கள் சோதித்தார்கள். லினக்ஸைக் கம்பைல் செய்கிற கனமான வேலையைக் கொடுத்ததும் சிப் திணறியது. ஆகஸ்ட் கடைசியில், ஒரே மாதத்தில், இன்டெல் அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொண்டது.

பத்து வருடம் கழித்து இன்டெல்லுக்கு வேறு யோசனை வந்தது. 2010-ல் ஒரு மலிவு பென்டியத்தோடு 50 டாலர் கார்டு விற்றுப் பார்த்தார்கள். கார்டில் இருக்கும் எண்ணைச் சுரண்டி டைப் செய்தால், நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய சிப்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் பகுதிகள் விழித்துக்கொள்ளும். செல்போன் டாப்-அப் மாதிரி! எக்கச்சக்கத் திட்டு விழுந்து, 2011-ல் கடையைக் கட்டினார்கள். ஆனால் 2010-லேயே, பூட்டாத சிப்புக்கு 'கே' என்று எழுத்துப் போட்டுக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்க ஆரம்பித்ததை யாரும் திட்டவில்லை.

சரி, உங்கள் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்புக்கு வருவோம். 2007 வாக்கில் அசெம்பிள் செய்த டூயல் கோர் என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு 200, பெருக்கல் 9, ஆக 1.8 கிகாஹெர்ட்ஸ். துடிப்பை 266 ஆக்கினால் 2.4. கேட்க இனிப்பாக இருக்கிறது. (ஆபீஸில் கழித்துப்போட்ட பிராண்டட் மெஷின் என்றால் பெரும்பாலும் பயாஸில் அந்த வசதியே இருக்காது. அத்தோடு விட்டுவிடுங்கள்.)

ஆனால் சூடு யாரோடும் பேரம் பேசாது. வேகத்தை 20 சதவிகிதம் கூட்டினால் சூடும் 20 சதவிகிதம் கூடும், அவ்வளவுதான். வேகம் நிலைக்கவில்லையே என்று வோல்டேஜை 10 சதவிகிதம் ஏற்றினீர்களோ, போச்சு. வோல்டேஜ் வர்க்கத்தில் பெருகும். மொத்தச் சூடு 45 சதவிகிதம் கூடிவிடும். சிப்பின் சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேலேதான் ஏறுகிறது. ஆகவே குமுளியில் டிசம்பரில் சமர்த்தாக ஓடுகிற அதே செட்டிங், தேனியில் ஏப்ரல் மத்தியானம் படுத்துவிடலாம். ஸ்பின்னிங் மில் பக்கத்து வீடு என்றால் ஃபேனுக்குள் பஞ்சு வேறு அடைத்திருக்கும். முதல் வேலை ஸ்க்ரூ டிரைவர்தான். ஹீட் சிங்க்கைக் கழற்றித் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.

அடுத்து மெமரி. துடிப்பை ஏற்றினால் மெமரியும் கூடவே ஓட ஆரம்பித்துவிடும். அதற்கென்று இருக்கும் ரேஷியோவை முதலில் இறக்கி வைத்துவிட்டு பிராசஸரை மட்டும் 5 சதவிகிதம் போல ஏற்றுங்கள். பிரைம்95 சில மணி நேரம், மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி. தேறினால் அடுத்த 5. மெமரி விஷயத்தில் ஏன் இவ்வளவு பயம் என்றால், பிராசஸர் தோற்றால் மெஷின் தொங்கிவிடும், உங்களுக்குத் தெரிந்துவிடும். மெமரி தோற்றால் பல நேரம் சத்தமே வராது. ஒரே ஒரு 1, 0 ஆக மாறும். 1000 என்ற எண்ணில் 512-க்கான ஒற்றை பிட் கவிழ்ந்தால் அது 488. ஸ்பைசஸ் போர்டு 2007-லேயே போடியில் ஏலக்காய் ஏலத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டது. எத்தனையோ மண்டிக் கணக்குகள் இப்போது பழைய டெஸ்க்டாப்களில்தான் தூங்குகின்றன. 1000 கிலோ 488 கிலோவாகப் பதிவானால் என்ன ஆகும் என்று அங்கே போய்க் கேட்டுப்பாருங்கள்! அடுத்தவர் காசு உள்ளே இருக்கிற மெஷினில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். அங்கே மெஷின் மெதுவாக இருக்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள். நிஜத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட அதுதான் கண்ணுக்குத் தெரியும்.

சொந்த மெஷின், முக்கியமான ஃபைல்களுக்கு வேறு இடத்தில் காப்பி இருக்கிறது என்றால் தாராளமாக இறங்குங்கள். என்றைக்காவது ஒருநாள் எண்ணைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றிவிட்டு, திரை கறுப்பாகவே நிற்கும். பதற வேண்டாம். கரண்ட் ஒயரைப் பிடுங்குங்கள். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அதைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். ஏற்றி வைத்ததையெல்லாம் மறந்துவிட்டு பழைய 1.8-க்கே வந்து நிற்கும். தேதியையும் சேர்த்து மறந்திருக்கும். அதை மட்டும் திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வெப்சைட்டுகள் திறக்காது.